கிண்ணத்துக்கும் அடுப்புக்கும் இடையே: வளர்ப்பு விலங்குகளின் பச்சை இறைச்சி உணவும் பாக்டீரியாவின் வரலாறும்

நாய்க்கும் பூனைக்கும் வேகவைக்காத இறைச்சியைத் தரலாமா என்ற இன்றைய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. அது விலங்குக்கு நல்லதா என்பதே அக்கேள்வி. ஓநாயின் வழிவந்த விலங்குக்குப் பச்சை இறைச்சியே இயற்கை என்கிறது ஒரு தரப்பு. எலும்பு தொண்டையில் சிக்கும், சத்துச் சமநிலை குலையும் என்கிறது மறு தரப்பு. இரு தரப்பும் பார்ப்பது விலங்கின் வயிற்றைத்தான். பாக்டீரியாவைப் பின்தொடர்ந்து இவ்வரலாற்றைப் படிப்பவருக்கு வேறு கேள்விகள் எழுகின்றன. அந்தக் கிண்ணத்தின் அருகில் வாழ்பவர் யார்? அதைக் கழுவும் கை யாருடையது? அந்தக் கை அடுத்து எதைத் தொடுகிறது? அறிவியல் இக்கேள்விகளை வந்தடைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தத் தாமதத்தின் கதை, இந்திய நகரங்களில் பச்சை இறைச்சி உணவு புதிய மோகமாகப் பரவிவரும் இக்காலத்தில் கவனத்துடன் படிக்கத்தக்கது.

1. மரபு எனப்படுவது எது?

பச்சை இறைச்சி உணவை முன்வைப்போர் அதனை 'மூதாதையர் உணவு' என்று அழைப்பது வழக்கம். மூதாதை என்பது ஓநாயைக் குறிக்குமானால் அதில் பிழையில்லை. மனிதரோடு குடியேறிய நாயைக் குறிக்குமானால் எழுத்துச் சான்றுகள் வேறுவிதமாகப் பேசுகின்றன. கி.மு. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானிய அறிஞர் வர்ரோ, மந்தை காக்கும் நாய்க்குப் பாலில் ஊறவைத்த வாற்கோதுமை ரொட்டியைச் சொல்கிறார். செத்த ஆட்டின் இறைச்சியை அதற்குத் தரலாகாது என்றும் எச்சரிக்கிறார். அவ்வெச்சரிக்கையின் பின்னால் இருந்தது நோயச்சம் அன்று. ஆட்டின் சுவை கண்ட நாய் மந்தையின்மீதே வாய்வைத்துவிடும் என்ற அச்சம். அடுத்த நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லாவும் வாற்கோதுமை மாவு, பயறு வேகவைத்த நீரில் ஊறிய ரொட்டி ஆகியவற்றையே பண்ணை நாயின் உணவாகக் குறிக்கிறார். நாய்களின் மரபணுக்களை ஓநாயின் மரபணுக்களோடு ஒப்பிட்டு 2013-இல் வெளிவந்த ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுப் படிகள் நாயில் பன்மடங்கு பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதரின் தானியப் பானை நாயின் உடலிலும் தடம் பதித்திருக்கிறது.

நகர்ப்புற வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் கிடைக்கிறது. பூனைகளுக்கு இறைச்சி விற்பது அந்நகரத்தில் ஒரு தனித் தெருத்தொழிலாக இருந்தது. லண்டன் உழைக்கும் மக்களைப் பற்றி 1851-இல் நூல் வெளியிட்ட ஹென்றி மேஹ்யூ, வீட்டுக்கு ஒன்றாகக் கணக்கிட்டு நகரத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பூனைகள் இருக்கக்கூடும் என மதிப்பிட்டார். முதுமையாலும் நோயாலும் உழைக்க இயலாமற்போன குதிரைகள் நகர விளிம்பிலிருந்த கொட்டடிகளில் வெட்டப்பட்டன. அந்த இறைச்சி பெரிய செப்புக் கொப்பரைகளில் வேகவைக்கப்பட்ட பின்னரே வண்டியேறித் தெருவுக்கு வந்தது. அக்கொட்டடிக்காரர்கள் பாக்டீரியாவை அறிந்தவர்கள் அல்லர். வெந்த இறைச்சி ஒருநாள் கூடுதலாகத் தாங்கும் என்பதை மட்டும் அறிந்திருந்தனர். அந்த வணிக அறிவு, பின்னாளில் நோய்த்தடுப்பு எனப் பெயர்பெறவிருந்த ஒன்றை அறியாமலே செய்துகொண்டிருந்தது.

இந்தியாவில் இந்த வழக்கம் இன்றும் மறையவில்லை. எஞ்சிய சோறு, ரொட்டி, மோர் ஆகியவையே பெரும்பாலான வீட்டு நாய்களின் உணவு. இறைச்சி உண்ணும் வீடுகளில் கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் தலையையும் காலையும் வாங்கி, மஞ்சள்தூள் தூவி, அரிசியோடு சேர்த்துக் குழைய வேகவைத்துத் தருவது நாட்டின் பல பகுதிகளில் காணப்படும் பழக்கம். பச்சையாகத் தின்ற நாய்களும் உண்டு: இறைச்சிக்கடை வாசலில் கிடந்தவை, வேட்டைக்குப் போனவை, ஊர்ப்புறத்தில் செத்த மாட்டைத் தின்றவை. ஆனால் அவை வீட்டுக்கு வெளியே தின்றன, வெளியே படுத்தன. எந்த நாய் வீட்டுக்குள் வந்ததோ, அதன் உணவு பெரும்பாலும் அடுப்பைக் கடந்தே கிண்ணத்துக்கு வந்தது. பாக்டீரியாவின் வரலாற்றில் இவ்வேறுபாடு சிறியதன்று.

2. கிருமிக்குப் பெயர் கிடைத்த காலம்

பச்சை இறைச்சிக்கும் மனித நோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வகம் முதலில் பிடித்தது நாயின் கிண்ணத்தில் அன்று, மனிதரின் தட்டில். 1888-இல் ஜெர்மனியின் ஃபிராங்கன்ஹவுசன் என்ற ஊரில், நோயுற்றதால் அவசரமாக வெட்டப்பட்ட ஒரு பசுவின் இறைச்சியை உண்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இறைச்சியைப் பச்சையாகவே மிகுதியாக உண்ட தொழிலாளி ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் கெர்ட்னர், இறந்தவரின் உறுப்புகளிலிருந்தும் பசுவின் இறைச்சியிலிருந்தும் ஒரே நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். இன்று சால்மோனெல்லா என்டெரிட்டிடிஸ் எனப்படுவது அதுவே.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1885-இல், அமெரிக்க விலங்கியல் தொழில் துறையின் ஆய்வகத்தில் தியோபால்ட் ஸ்மித் பன்றிகளிலிருந்து இதே இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமியைக் கண்டறிந்திருந்தார். அவருடைய மேலதிகாரி டேனியல் எல்மர் சால்மன் ஒரு கால்நடை மருத்துவர். 1900-இல் லின்யெர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அவர் பெயராலேயே இவ்வினத்துக்குச் சால்மோனெல்லா எனப் பெயரிட்டார். பன்றிக் காலராவுக்கு இக்கிருமியே காரணம் என்று இருவரும் கருதினர். அந்நோய்க்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவானது. ஆனால் கிருமி நிலைத்தது, பெயரும் நிலைத்தது. மனித மருத்துவத்தின் மிக முக்கியமான உணவுவழிக் கிருமிகளில் ஒன்று கால்நடை மருத்துவர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருப்பது, இவ்வரலாறு தொடக்கம் முதலே இரு துறைகளுக்கும் பொதுவானது என்பதை நினைவூட்டுகிறது.

இந்தியாவிலும் பாக்டீரியவியல் இதே காலத்தில்தான் கால்நடைகளின் வழியாக வேரூன்றியது. 1889-இல் புனேயில் ஏகாதிபத்திய பாக்டீரியவியல் ஆய்வகம் நிறுவப்பட்டது. 1893-இல் அது குமாவோன் மலைப்பகுதியிலுள்ள முக்தேஷ்வருக்கு மாற்றப்பட்டது. அதன் கவனம் மாடுகளையும் குதிரைகளையும் அழித்த கொள்ளைநோய்களின்மீது இருந்தது. அரசின் வருவாயும் படையின் போக்குவரத்தும் அவ்விலங்குகளைச் சார்ந்திருந்தன. நாய் இந்தியப் பாக்டீரியவியலுக்குள் நுழைந்தது வேறொரு வாசல் வழியாக. 1900-இல் கசௌலியிலும் 1907-இல் குன்னூரிலும் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனங்கள் நாய்க்கடியால் வரும் வெறிநோய்க்குத் தடுப்பூசி தந்தன. இந்நாட்டின் பொதுச் சுகாதார நினைவில் நாய் என்பது பல்லாகவே பதிந்தது, குடலாகப் பதியவில்லை. வெறிநோய் இன்றும் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளும் நாட்டில் இந்த முன்னுரிமை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் அதன் விளைவாக, வளர்ப்பு விலங்கின் குடல்வழிப் பாக்டீரியா பற்றிய பொது உரையாடல் இங்கு மெலிந்தே இருந்தது.

3. பாட்டெஞ்சரின் பூனைகள்

பச்சை இறைச்சி உணவுக்கு அறிவியல் ஒளிவட்டம் தந்த ஆய்வு கலிஃபோர்னியாவில் நடந்தது. பிரான்சிஸ் பாட்டெஞ்சர் காசநோய் மருத்துவமனை நடத்திய குடும்பத்தில் பிறந்த மருத்துவர். அட்ரீனல் சுரப்பிச் சாற்றின் வீரியத்தை அளக்க அவர் பூனைகளை வளர்த்தார். மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய வெந்த இறைச்சியைத் தின்ற பூனைகள் நலிந்தன; பச்சை இறைச்சித் துண்டுகளைத் தின்றவை தேறின. இந்த வேறுபாட்டைக் கண்ட அவர் 1932 முதல் 1942 வரை ஏறத்தாழ 900 பூனைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார். வெந்த இறைச்சி உண்ட வம்சங்கள் எலும்புக் குறைபாடுகளாலும் மலட்டுத்தன்மையாலும் தேய்ந்து போயின என்பது அவருடைய பதிவு.

வேகவைத்தலே கேடு என்று இதிலிருந்து பலர் முடிவு செய்தனர். ஆனால் பாட்டெஞ்சரின் காலத்தில் அறியப்படாத ஒரு பொருள் பின்னர் வெளிப்பட்டது. டாரின் என்ற சேர்மத்தைப் பூனையின் உடல் தேவையான அளவில் உருவாக்கிக்கொள்ள இயலாது. அது குறைந்தால் விழித்திரை சிதையும் என்பது 1975-இலும், இதயத்தசை தளரும் என்பது 1987-இலும் நிறுவப்பட்டன. இறைச்சியை வேகவைக்கும்போது டாரினின் ஒரு பகுதி நீரில் கரைந்து வெளியேறுகிறது. அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கறியை மட்டும் தந்தால் பூனைக்கு இழப்பு நேரும். பாட்டெஞ்சரின் பூனைகளுக்கு நேர்ந்ததில் ஒரு பகுதியையேனும் இது விளக்குகிறது. டாரினைச் சேர்த்தால் குறை தீர்கிறது; அதற்காக வெப்பத்தைக் கைவிட வேண்டியதில்லை.

பாட்டெஞ்சரின் ஆய்வு அளந்தது பூனையின் எலும்பையும் வம்சத்தையும். அப்பூனைகளின் மலத்தில் எது வெளியேறியது, அக்கூண்டுகளைத் தூய்மை செய்தோர் எதைத் தொட்டனர் என்பவை அதன் கேள்விகளாக இல்லை. இதே பத்தாண்டின் இறுதியில், 1948-இல், நாய்களின் குடலில் காணப்படும் சால்மோனெல்லாவுக்கும் மனித நோய்க்கும் தொடர்பு இருக்கலாமோ என்ற வினா அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் எழுந்திருந்தது. சத்தியல் ஒரு பாதையிலும் பாக்டீரியவியல் வேறொரு பாதையிலும் சென்றன. இரண்டும் சந்திக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

4. பந்தய நாய்களின் உணவுத் தொட்டி

அச்சந்திப்புக்கு வழிவகுத்தவை வீட்டு நாய்கள் அல்ல, அமெரிக்காவின் பந்தயக் கிரேஹவுண்டுகள். 1922-இல் குதிரை இறைச்சி தகரக் குப்பிகளில் அடைக்கப்பட்டு நாய் உணவாக விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தகரத்தட்டுப்பாடு உலர் உணவை வளர்த்தது. 1957-இல் உயர்வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கிப் பொரித்த உருண்டை உணவு சந்தைக்கு வந்து வீடுகளை வென்றது. பந்தயக் கொட்டில்கள் மட்டும் பச்சை இறைச்சியை விடவில்லை. வேகவைத்தால் நாயின் ஓட்டவேகம் குறையும் என்பது பயிற்சியாளர்களின் நம்பிக்கை. அதற்கு அவர்கள் வாங்கியது மனிதர் உண்ணத் தகாதென ஒதுக்கப்பட்ட இறைச்சி: தானே செத்தவை, சாகக் கிடந்தவை, நோயுற்றவை, முடமானவை ஆகிய கால்நடைகளின் உடல். மனிதச் சந்தைக்குள் அது நுழைந்துவிடாதிருக்க அதன்மேல் கரித்தூள் தூவப்பட்டது. கரித்தூள் மனிதரை எச்சரிக்கும், பாக்டீரியாவைக் கொல்லாது.

1993-இல் வெளியான ஓர் ஆய்வில், பந்தய நாய்களுக்கான 112 பச்சை இறைச்சி மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டில் சால்மோனெல்லா இருந்தது. கொட்டில்களில் அடிக்கடி வீசிய வயிற்றுப்போக்குக்குப் பயிற்சியாளர்கள் ஒரு செல்லப்பெயரே வைத்திருந்தனர். அது தொழிலின் இயல்பு என்று கொள்ளப்பட்டது. 1980-களில் அலபாமாவின் பந்தய நாய்களிடையே தோலில் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்புமாக ஒரு நோய் பரவியது. இறைச்சியில் இருந்த ஈ.கோலி பாக்டீரியாவின் நச்சு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் வலுவாக எழுந்தது. 'நாயின் வயிறு எதையும் தாங்கும்' என்ற பழமொழித்தனமான நம்பிக்கைக்கு, பச்சை இறைச்சியையே நாள்தோறும் தின்ற அந்த நாய்களே மறுசான்று ஆயின.

5. 1993-க்குப் பின்: ஆய்வகம் வீட்டுக்குள் வருகிறது

வரலாற்றின் வினோதமான பொருத்தமாக, அதே 1993-இல்தான் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் நாய்க்கு எலும்பும் பச்சை இறைச்சியும் தருமாறு வலியுறுத்தும் நூலை வெளியிட்டார். தொழிற்சாலை உணவின்மீது எழுந்த ஐயம் அந்நூலுக்குச் செவிசாய்க்க வைத்தது. அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. பூனைகளின் இதயத்தைத் தளர்த்திய டாரின் குறைபாடு தொழிற்சாலை உணவிலேயே கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சில ஆண்டுகளுக்குள் பச்சை இறைச்சி உணவு உறைநிலைப் பொதிகளாக மேலைநாட்டுக் கடைகளுக்கு வந்தது.

ஆய்வுகள் பின்தொடர்ந்தன. 2002-இல் கனடாவில் வெளியான சிறிய ஆய்வொன்றில், வீட்டில் பச்சை உணவு உண்ட 10 நாய்களின் உணவு மாதிரிகளில் 8-இலும், மல மாதிரிகளில் 3-இலும் சால்மோனெல்லா காணப்பட்டது. எண்ணிக்கை சிறிது, ஆனால் கேள்வியின் திசை மாறியிருந்தது. 2007-இல் வெளியான கனடிய ஆய்வு அத்திசையில் தீர்க்கமான அடியெடுத்து வைத்தது. சால்மோனெல்லா கலந்த பச்சை உணவு 16 நாய்களுக்கு ஒரேயொரு வேளை தரப்பட்டது. அவற்றுள் 7 நாய்களின் மலத்தில் அடுத்த ஒரு வாரக் காலத்தில் அக்கிருமி வெளியேறியது. எந்த நாயும் நோயுறவில்லை.

இந்த முடிவின் பொருளைச் சற்று நின்று நோக்க வேண்டும். பச்சை உணவை ஆதரிப்போர் சொல்வது இங்கே மெய்ப்படுகிறது: நலமான வளர்ந்த நாய் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. அதனாலேயே இடர் கூடுகிறது. நோயுற்ற நாய் எச்சரிக்கை தரும். வீட்டார் விலகி நிற்பர், கை கழுவுவர். நலமாகத் துள்ளும் நாயோ கிருமியைச் சுமந்தபடி குழந்தையின் முகத்தை நக்கும், மெத்தையில் ஏறும். குட்டிகளும் பூனைகளும் இவ்வளவு தாங்குவதில்லை. பச்சை இறைச்சி உண்ட ஒரு வீட்டின் இரு பூனைகள் சால்மோனெல்லா குருதியில் பரவி இறந்ததை 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வுக்குறிப்பு பதிவு செய்தது.

கிண்ணமும் ஆய்வுக்குள்ளானது. 2006-இல் கனடிய ஆய்வாளர்கள் சால்மோனெல்லா கலந்த உணவைக் கிண்ணங்களில் வைத்து, வீடுகளில் வழக்கமாகச் செய்யும் முறைகளில் அவற்றைத் தூய்மைப்படுத்திப் பார்த்தனர். சோப்பு, தேய்ப்பு, வெளுப்புக் கரைசல், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றில் எதுவும் முழு நம்பிக்கை தரவில்லை. கழுவிய கிண்ணங்களிலும் கிருமி எஞ்சியது.

உறைநிலை பற்றிய நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. உறைவிப்பது பாக்டீரியாவைத் தூங்க வைக்கும், பெரும்பாலும் கொல்லாது. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீனஸ் என்ற கிருமியோ குளிர்பெட்டியின் வெப்பநிலையில்கூட மெல்லப் பெருகக்கூடியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-2012 காலத்தில் நடத்திய ஆய்வில் 196 பச்சை உணவு மாதிரிகளுள் 15-இல் சால்மோனெல்லாவும் 32-இல் இந்த லிஸ்டீரியாவும் கிடைத்தன. 2018-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு 8 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட 35 உறைநிலைப் பொதிகளைச் சோதித்தது. 7-இல் சால்மோனெல்லா, 19-இல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீனஸ், 8-இல் ஆபத்தான ஈ.கோலி ஓ157 ஆகியவை இருந்தன. இவற்றைவிட அதிர்ச்சி தந்தது வேறோர் எண்: முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் ஈ.கோலி 28 பொதிகளில் கிடைத்தது. பச்சை உணவின் கேள்வி வயிற்றுப்போக்கைத் தாண்டி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வீட்டுக்குள் வரும் வழி பற்றிய கேள்வியாயிற்று.

மனித உயிரும் போனது. 2017-இல் இங்கிலாந்தில் ஈ.கோலி ஓ157 தொற்றிய நால்வர் அடங்கிய ஒரு திரளை ஆராய்ந்தபோது, மூவர் பச்சை இறைச்சி உண்ட நாய்களோடு தொடர்புடையவர்கள் எனத் தெரிந்தது. மாட்டின் இரைப்பையைக் கொண்ட பச்சை உணவின்மீது ஐயம் விழுந்தது. நால்வருள் ஒருவர் இறந்தார்.

6. உலர் உணவும் சாட்சிக்கூண்டில்

இவ்வரலாற்றை 'பச்சை தீது, தொழிற்சாலை நன்று' என்று சுருக்குவது நேர்மையாகாது. 2006 முதல் 2008 வரை அமெரிக்காவின் 21 மாநிலங்களில் 79 பேரைத் தாக்கிய சால்மோனெல்லாத் தொற்று ஒன்றின் வேர் உலர்ந்த நாய் உணவுத் தொழிற்சாலையில் இருந்தது. நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். உருண்டைகளை உருவாக்கும் வெப்பம் கிருமியைக் கொன்றாலும், பின்னர் சுவைக்காகத் தெளிக்கப்படும் கொழுப்பும் தொழிற்கூடத்தின் தூசும் அதனை மீண்டும் ஏற்றிவிடக்கூடும்.

அத்தொற்றை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒரு தொடர்பு இக்கட்டுரையின் மையப்பொருளுக்கு நெருக்கமானது. சமையலறையிலேயே விலங்குக்கு உணவிடும் வீடுகளில் குழந்தைகள் நோயுறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கிண்ணத்தில் இருப்பது பச்சையா உலர்ந்ததா என்பதோடு, கிண்ணம் எங்கே இருக்கிறது என்பதும் நோயைத் தீர்மானித்தது. இதை ஏற்றுக்கொண்டாலும் இரு வகை உணவுகளும் சமமாகிவிடுவதில்லை. உலர் உணவில் கிருமி இருப்பது உற்பத்தியில் நேர்ந்த பிழை. பச்சை இறைச்சியிலோ கிருமியைக் கொல்லும் படியே செயல்முறையில் இல்லை. 2012-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம், கிருமி நீக்கும் செயல்முறைக்கு உட்படாத விலங்குப் புரதத்தை நாய்க்கும் பூனைக்கும் தர வேண்டாமென்று கொள்கை நிலைப்பாடு எடுத்தது இந்த வேறுபாட்டின் அடிப்படையிலேயே. வெப்பமின்றி மிக உயர்ந்த அழுத்தத்தால் கிருமியைக் குறைக்கும் முறையைச் சில தயாரிப்பாளர்கள் பின்னர் மேற்கொண்டனர். அது இடரைக் குறைக்கிறது. பொதியைத் திறந்தபின் கைக்கும் கிண்ணத்துக்கும் உள்ள பொறுப்பை நீக்குவதில்லை.

7. இந்தியச் சமையலறையில்

இனி இந்த வரலாறு இந்திய நகரத்துக்கு வருகிறது. வளர்ப்பு நாய் முற்றத்திலிருந்து வரவேற்பறைக்கும், அங்கிருந்து படுக்கையறைக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது. அடுக்ககத்தில் அதற்கு வேறிடமும் இல்லை. இச்சூழலில் மேலைநாட்டுப் பச்சை உணவு முறை சமூக ஊடகங்களின் வழியாக 'இயற்கைக்குத் திரும்புதல்' என்ற பெயரில் வருகிறது. அது திரும்பும் இயற்கை எந்த நிலத்தினுடையது என்பது கேட்கத்தக்கது. இங்கு இறைச்சியின் பெரும்பகுதி குளிரூட்டப்படாமல், வெட்டிய சில மணி நேரத்தில் வேகவைக்கப்படும் என்ற எதிர்பார்ப்போடு விற்கப்படுகிறது. அந்த எதிர்பார்ப்பே இந்திய இறைச்சிச் சந்தையின் எழுதப்படாத பாதுகாப்பு விதி. பச்சை உணவு அந்த விதியின் கடைசி வரியை அழிக்கிறது.

நெதர்லாந்து ஆய்வு காட்டிய மருந்தெதிர்ப்புச் சிக்கல் இங்கு மேலும் கூர்மையானது. கோழிகளின் எடையைக் கூட்டுவதற்காக, மனித மருத்துவத்தின் இறுதி ஆயுதங்களில் ஒன்றான கொலிஸ்டின் மருந்து தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. உணவுக்கான விலங்குகளில் அதன் பயன்பாட்டை நடுவணரசு 2019-இல் தடை செய்தது. மருந்து நின்றாலும், மருந்துக்குப் பழகிய பாக்டீரியா உடனே மறைந்துவிடுவதில்லை. வேகவைத்த கோழியில் அவை செத்துவிடுகின்றன. பச்சைக் கோழியில் அவை கிண்ணத்துக்கும், கிண்ணத்திலிருந்து குடலுக்கும், குடலிலிருந்து தரைக்கும் போகின்றன.

பாக்டீரியா மட்டுமன்றி வைரசும் இதே பாதையில் வரும் என்பதை ஆசியாவின் பெரும்பூனைகள் காட்டிவிட்டன. 2004-இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிக் காட்சியகத்தில், பச்சைக் கோழி உண்ட புலிகளிடையே எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவி, இறந்தவையும் கருணைக்கொலை செய்யப்பட்டவையுமாக 147 புலிகள் போயின. 2024 டிசம்பர் இறுதியில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம் அதே வைரசை உறுதி செய்தது. உணவாகத் தரப்பட்ட கோழியின்மீது ஐயம் திரும்பியது. அடுத்த சில வாரங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமும் எச்5என்1 கண்டறியப்பட்டது.

இந்திய வீட்டில் கிண்ணத்தின் வரலாறு ஒரு சமூக வரலாறும் ஆகும். பச்சை உணவு பற்றிய மேலைநாட்டு அறிவுரைகள், விலங்கின் உரிமையாளரே இறைச்சியை வெட்டி, கிண்ணத்தைக் கழுவி, மலத்தை அள்ளுகிறார் என்று எண்ணிக்கொள்கின்றன. இந்திய நடுத்தர வர்க்க வீடுகள் பலவற்றில் அந்த வேலைகளைச் செய்பவர் வீட்டுப்பணியாளர். உணவு முறையைத் தேர்ந்தவர் ஒருவர். கிருமியைத் தொடுபவர் வேறொருவர். அவர் கையுறையின்றி அக்கிண்ணத்தைக் கழுவிவிட்டு அதே தொட்டியில் அடுத்துக் குடும்பத்தின் பாத்திரங்களைக் கழுவுகிறார். பின் தம் வீட்டுக்குப் போய்த் தம் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார். பச்சை உணவின் இடர் பற்றி அவரிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. பந்தயக் கொட்டிலில் கரித்தூள் பூசிய இறைச்சியை வாரியிட்ட கூலியாள், பாட்டெஞ்சரின் கூண்டுகளைத் துடைத்தவர், இன்றைய வீட்டுப்பணியாளர் ஆகிய மூவரும் இவ்வரலாற்றில் ஒரே இடத்தில் நிற்கின்றனர்: எல்லா அளவீட்டுக்கும் வெளியே.

8. அடுப்பின் அறிவு

வேகவைத்தலைப் புனிதமாக்க வேண்டியதில்லை. வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெந்த சோறும் பல மணி நேரம் வெளியில் கிடந்தால், வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரிய வித்துகள் முளைத்து நஞ்சு சேர்க்கும். வெந்த இறைச்சியை மட்டுமே உண்ணும் பூனைக்கு டாரின் குறையும். வேகவைத்த நீரையும் சேர்த்துத் தருவதோடு, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி துணைச்சத்தும் தேவைப்படலாம். ஆயினும் இறைச்சியின் நடுப்பகுதி ஏறத்தாழ 74 பாகை செல்சியசை எட்டினால் சால்மோனெல்லாவும் ஈ.கோலியும் மடிகின்றன. தனிக் கிண்ணம், சமையலறைக்கு வெளியே உணவிடுதல், தின்று முடித்ததும் எச்சத்தை அகற்றுதல், கை கழுவுதல் ஆகியவை அதற்குத் துணை நிற்கின்றன. கைக்குழந்தை, கருவுற்றவர், முதியவர், நோயெதிர்ப்பு குன்றியவர் ஆகியோருள் எவரேனும் வாழும் வீட்டில் பச்சை இறைச்சி உணவுக்கு இடமில்லை என்பதில் மருத்துவத் துறைகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

லண்டன் கொட்டடியின் செப்புக் கொப்பரையும், இந்திய வீட்டின் மஞ்சள்தூள் தூவிய நாய்ச்சோறும் சிக்கனத்தால் பிறந்தவை. அறிவியலால் பிறந்தவை அல்ல. ஆனால் கெர்ட்னரின் ஆய்வகம் கண்டதோடு அவை முரண்படவில்லை. கிண்ணம் வீட்டுக்கு வெளியே இருந்த காலத்தில் அந்த அடுப்பு கூடுதல் காவலாக இருந்தது. கிண்ணம் வீட்டுக்குள் வந்துவிட்ட காலத்தில் அதுவே முதன்மைக் காவல். ஆராய்ச்சி மாணவர்கள் இத்துறையில் செய்யத்தக்க வேலை நிறைய இருக்கிறது. இந்தியக் கோழிக்கடை, உறைநிலைப் பொதி, நாயின் குடல், கிண்ணத்தைக் கழுவும் கை ஆகிய நான்கையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகள் வேண்டும். அவ்வாய்வுகளின் மாதிரிப் பட்டியலில் விலங்கும் உரிமையாளரும் மட்டும் இருந்தால் போதாது. அந்த வீட்டில் வேலை செய்பவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.